ஏரிக்கரையில் ஓர் ஐஸ்லாந்து

ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் விடுமுறை. அன்று வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள கிம்லி என்ற சிற்றூரில், பூங்கா மேடைமீது ஒரு பெண்மணி வந்து அமர்வார். வெள்ளை அங்கி, அதன்மேல் பச்சை மேலாடை, இடுப்பில் பொன்னிறக் கச்சை, தலையில் கிரீடம், அதிலிருந்து தோள்மீது இறங்கும் வெண்துகில். இருபுறமும் தோழிப் பெண்கள். கூட்டம் எழுந்து நிற்கும். அவர்தான் ஃபியால்கோனா, அதாவது ஐஸ்லாந்து நாட்டையே பெண்ணாக்கிய மலைநாட்டு அன்னை. அழகிப் போட்டி என்று நினைத்துப் போகிறவர் ஏமாறுவார். அந்த இருக்கைக்கு இங்கே தேர்ந்தெடுக்கப்படுபவர் பெரும்பாலும் பாட்டி வயதுக்காரர். சங்கம், சபை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று பல காலம் உழைத்து ஊராரிடம் மதிப்புப் பெற்றவர். ஒரு தாய் தூரதேசத்துப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல அவர் ஓர் உரை நிகழ்த்துவார். பிறகு ஐஸ்லாந்துக்கு ஒரு வாழ்த்துரை, கனடாவுக்கு ஒரு வாழ்த்துரை. முன்னோர் நினைவாக எழுப்பிய கற்குவியலில் அன்னையே மலர்வளையம் வைப்பார்.

இந்த விழாவின் பெயர் இஸ்லென்டிங்கடாகுரின். ஐஸ்லாந்தியர் நாள் என்று பொருள். வின்னிபெக் நகரில் 1890 ஆகஸ்ட் 2ஆம் தேதி தொடங்கி, 1932இல் ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவிலுள்ள கிம்லிக்கு இடம் மாறியது. வட அமெரிக்காவில் இடைவிடாது நடந்துவரும் இனக்குழுத் திருவிழாக்களில் இது இரண்டாவது பழமையானது என்று விழாக்குழு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். வடதேசத்துப் பாரம்பரியத்தைக் கொண்டாடும் விழாக்கள் அக்கண்டத்தில் பல உண்டு. அயோவாவின் டெகோராவில் நார்வேக்காரர்கள், கன்சாஸின் லிண்ட்ஸ்பர்க்கில் ஸ்வீடன்காரர்கள், கலிஃபோர்னியாவின் சோல்வாங்கில் டென்மார்க்காரர்கள் என்று ஆளுக்கொரு ஊர். நான் கிம்லியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எந்தச் சரக்கு ஊரிலிருந்து வந்தது, எது இங்கேயே செய்தது, எது வேண்டுமென்றே மறக்கப்பட்டது என்பதைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இங்கே சான்றுகள் உள்ளன.

மலைநாட்டு அன்னையிலிருந்தே தொடங்கலாம். நாட்டைப் பெண்ணாகப் பாடுவது ஐஸ்லாந்தியக் கவிஞர்களிடம் 18ஆம் நூற்றாண்டு முதல் இருந்த பழக்கம். அவளுக்கு ஓர் உருவம் கிடைத்தது 1866இல், லண்டனில். ஐஸ்லாந்திய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்த எய்ரீக்குர் மாக்னுசன், தன் நூலின் முகப்புக்காக ஒரு படம் வரையச் சொன்னார். வரைந்தவர் ஸ்வெக்கர் என்ற ஜெர்மானியர். பனிக்கட்டிக் கிரீடம், அதிலிருந்து கிளம்பும் நெருப்பு, தோளில் ஓர் அண்டங்காக்கை, கடல் அலையில் மிதந்து வரும் ரூன் எழுத்துக் கோல்கள், அவற்றில் ஒன்று கையில். எரிமலை, பனி, கடல், இலக்கியம் என்று ஒரு நாட்டின் கதை முழுவதும் ஒரே படத்தில் அடங்கியது.

படத்தில் இருந்தவள் ரத்தமும் சதையுமாக மேடையேறியது 1924இல், வின்னிபெக் விழாவில். ஐஸ்லாந்தில் அப்படி ஒரு வழக்கம் அப்போது இல்லை. 1944 ஜூன் 17 அன்று திங்வெட்லிரில் குடியரசு அறிவிக்கப்பட்டபோது அங்கும் ஒரு பெண்ணை அன்னை வேடத்தில் நிறுத்தத் திட்டமிட்டார்கள். அன்று கொட்டிய மழையில் அவர் மேடைக்கே வரவில்லை. ரெய்க்யாவிக்கில் 1947 முதல்தான் அது நிலைத்தது. அங்கே அந்த வேடம் பெரும்பாலும் இளம் நடிகைகளுக்குப் போகும். ஆக, தாய்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தோர் கொண்டுவந்த சடங்கு என்று பார்வையாளர் எண்ணும் ஒன்று, புலம்பெயர்ந்தோர் மண்ணில் பிறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தாய்நாட்டில் எட்டிப்பார்த்திருக்கிறது. பாரம்பரியம் எப்போதும் பழைய ஊரிலிருந்து புதிய ஊருக்குத்தான் பாயும் என்று யார் சொன்னது?

1924க்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பனி ஹாக்கித் தங்கம் வென்ற கனடா அணி, வின்னிபெக் ஃபால்கன்ஸ். ஒருவர் தவிர எல்லாரும் ஐஸ்லாந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். உள்ளூர் மூத்தோர் லீக்கில் அந்த அணிக்கு இடம் தர மறுத்திருந்தார்கள். ஐஸ்லாந்தியர் என்றால் அன்றைய வின்னிபெக்கில் யார்? ஆண்கள் சாக்கடைக் குழி வெட்டியவர்கள், பெண்கள் ஆங்கிலேயர் வீட்டில் வேலைக்குப் போனவர்கள், ஆற்றோரக் குடிசையில் ஒண்டியவர்கள். இன்று வெள்ளைக் கனடாவின் அடையாளமாகவே தோன்றும் ஒரு கூட்டம் அன்று அப்படி நடத்தப்பட்டது. அந்தப் பின்னணியில், கிரீடம் தரித்த ஒரு பெண்ணை மேடையில் அமர்த்தி எல்லாரும் எழுந்து நிற்பது வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது.

ஒரு முரணும் இதில் உண்டு. மானிட்டோபாப் பெண்களுக்கு வாக்குரிமை 1916இல் கிடைத்தது. அதற்காகப் போராடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் மார்கிரெட் பெனெடிக்ட்சன். 1898 முதல் 1910 வரை ஐஸ்லாந்திய மொழியில் ‘ஃப்ரெய்யா’ என்ற பெண்ணுரிமை இதழை நடத்தியவர். இதழ் நடத்திய பெண்ணின் தலைமுறை முடிந்து, பேச்சு குறைந்த ஒரு கிரீட அன்னையின் தலைமுறை தொடங்கியதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த இருக்கை வந்த பிறகே, ஊர்ப் பணியில் ஊறிய மூதாட்டிகளுக்கு ஆண்டுக்கொருமுறை விழாவின் நடுநாயக இடம் உறுதியானது. இரண்டும் உண்மை என்பேன்.

இவர்கள் ஏன் இவ்வளவு தொலைவு வந்தார்கள்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஏழை நாடு. மேய்ச்சல் நிலம் குறைவு, குளிர் கடுமை, கடலில் பனிக்கட்டி நெருங்கினால் மீன்பிடிப்பும் இல்லை. 1875 மார்ச் இறுதியில் அஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதிப் புல்வெளிகளைச் சாம்பலால் மூடியது. ஆடு மேய வழியில்லாமல் போனால் ஐஸ்லாந்தியக் குடியானவனுக்கு வேறு கதியில்லை. 1870க்கும் 1914க்கும் இடையில் சுமார் 15,000 பேர் வெளியேறினார்கள். 1870இல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 70,000 அளவில்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கப்பலேறினார்.

முதலில் ஒன்டாரியோவின் கின்மவுண்ட் என்ற இடத்தில் ரயில் பாதை வேலை. குளிரிலும் நோயிலும் குழந்தைகள் இறந்தன. பிறகு சிக்ட்ரிக்குர் யோனாசன் போன்றோர் இடம் பார்த்துச் சொல்ல, கனடா அரசு வின்னிபெக் ஏரியோரம் ஐஸ்லாந்தியருக்கென்றே ஒரு நிலப்பகுதியை ஒதுக்கியது. அப்போது அது மானிட்டோபாவின் எல்லைக்கு வெளியே இருந்தது. 1875 அக்டோபர் 21 அன்று, ஹட்சன் பே கம்பெனியின் நீராவிப் படகு இழுத்து வந்த தட்டைப் படகுகளில், இருநூற்றுச் சொச்சம் பேர் வில்லோ பாயின்ட் என்ற மணல் முனையில் இறங்கினார்கள். குளிர்காலம் வாசலில் நின்றது. வைத்த பெயரோ கிம்லி. உலகம் அழிந்த பின் எஞ்சுவோர் வாழும், சூரியனைவிட அழகான, பொற்கூரை வேய்ந்த மண்டபத்துக்குப் பழைய நார்ஸ் புராணம் தந்த பெயர் அது. அன்றைய நிலைமையில் அப்படிப் பெயர் வைக்க அசாத்திய நம்பிக்கை வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் குசும்பு வேண்டும்.

அடுத்த கோடையில் இன்னும் 1,200 பேர் வந்தார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே பெரியம்மை. குடியேறியவர்களில் சுமார் நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகளும் இளம் வயதினரும். வெளியே போக முடியாதபடி தெற்கே காவல் போட்டார்கள். 1877 ஜூலை வரை அந்தக் காவல் நீடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவின் கவர்னர் ஜெனரல் டஃபரின் பிரபு கிம்லிக்கு வந்தார். பிற்பாடு இந்திய வைஸ்ராயாக இருந்தவர் இவர்தான். 1885இல் காங்கிரஸ் தொடங்கியபோது கல்கத்தாவில் கோலோச்சியவர் என்று நம் பாடப்புத்தகம் சொல்லும். இளமையில் 1856இல் சொந்தப் படகில் ஐஸ்லாந்துக்குப் போய், அதைப் பற்றி நகைச்சுவை மிளிரும் பயண நூலும் எழுதியவர் என்பதால் இவர்கள்மீது ஒரு பரிவு இருந்தது. எந்தக் குடிசைக்குள் நுழைந்தாலும் இருபது முப்பது புத்தகங்கள் இருந்தன என்று வியந்து பேசிவிட்டுப் போனார். விழா மேடைகளில் நூறாண்டுக்கும் மேலாகச் சலிக்காமல் எடுத்தாளப்படும் சான்றிதழ் அது. மிகையும் அல்ல. உணவுக்கே திண்டாடிய அதே 1877இல் அவர்கள் ‘ஃப்ராம்ஃபாரி’ என்று ஒரு செய்தித்தாளை அச்சடிக்கத் தொடங்கினார்கள். 1880 வரை அது வந்தது. தங்களுக்கென ஊராட்சி விதிகளையும் எழுதிக்கொண்டார்கள். அதை வைத்துத்தான் ‘நியூ ஐஸ்லாந்துக் குடியரசு’ என்ற பேச்சு இன்றும் சுற்றுலாத் துண்டறிக்கைகளில் உலவுகிறது.

குடியரசு என்பது கொஞ்சம் அதிகம். ரயன் ஐஃபர்ட் 2016இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பெருமையை நிதானமாகத் தட்டிக் கேட்கிறது. நிலம் கொடுத்தது, கடன் கொடுத்தது, முகவரை நியமித்தது எல்லாம் கனடா அரசு. மேற்கே தன் பிடியை இறுக்குவதற்கு அது வகுத்த குடியேற்றக் கொள்கையில் ஐஸ்லாந்தியர் ஒதுக்கீடும் ஒரு பகுதி. அந்த நிலம் காலியாகவும் இருக்கவில்லை.

கிம்லிக்கு வடக்கே ஓர் ஆறு. வைட் மட் ஆறு என்று இருந்த அதன் பெயர் இன்று ஐஸ்லாந்திய ஆறு. அதன் முகத்துவாரத்தையொட்டி சாண்டி பார் என்ற இடத்தில் ஒஜிப்வே, கிரீ மக்கள் வாழ்ந்தார்கள். வீடு கட்டி, தோட்டம் போட்டு, அதே ஆற்றோரத்தைத் தங்களுக்கு ஒதுக்கும்படி அரசிடம் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். அது ஐஸ்லாந்தியருக்குப் போயிற்று. 1876இல் குடியேறிகள் சிலர் அங்கே குடிசை போட வந்தபோது, ஜான் ராம்சே என்பவர் அவர்கள் படகைக் கரையிலிருந்து திருப்பித் தள்ளினார். வழக்கு அதிகாரியிடம் போனது. தீர்ப்பு யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தும் அதே ராம்சே பிறகு அவர்களுக்கு மான் இறைச்சி கொண்டுவந்து கொடுத்தார், பெரியம்மைக் காலத்தில் உதவினார் என்று ஐஸ்லாந்தியரின் நினைவுக் குறிப்புகளே பதிவு செய்கின்றன. அந்த நோய் சாண்டி பார் குடியிருப்பை ஏறக்குறைய துடைத்தெறிந்தது. மிஞ்சியிருந்த வீடுகளைத் தொற்று நீக்கம் என்ற பெயரில் அதிகாரிகள் கொளுத்தினார்கள். ராம்சேயின் மனைவி பெட்ஸியும் இறந்தார். அவருக்காக எழுத்துப் பொறித்த பளிங்குக் கல் ஒன்றை வாங்கி வந்து ராம்சே நட்டார். நூறு ஐஸ்லாந்தியர் அடையாளமில்லாத குழிகளில் கிடந்த காலத்தில், அந்தக் கரையில் எழுந்த முறையான கல்லறைகளில் அது ஒன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரவுஸ்டி விக்ஃபூசன் என்ற ஐஸ்லாந்தியத் தச்சரின் கனவில் ஜான் ராம்சே வந்தாராம். மனைவியின் கல்லறையைச் சுற்றியிருந்த வேலி சிதைந்துவிட்டது, தான் இறந்துவிட்டதால் கட்ட முடியவில்லை, நீ கட்டித்தருவாயா என்று கேட்டாராம். தச்சர் மரப்பட்டிகளை அறுத்து, வெள்ளையடித்து, வேலி கட்டிக்கொடுத்தார். ஆவி கனவில் வந்து கடன் கேட்பது ஐஸ்லாந்திய நாட்டார் கதைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் சங்கதி. ஆனால் இந்த ஆவி ஒரு பூர்வகுடி மனிதருடையது, கேட்டதோ அவர் நிலத்தில் குடியேறியவரிடம். எரிமலையும் வீரர்களும் நிறைந்த மேடைப் பேச்சுகளைவிட, ஐஸ்லாந்திலிருந்து உண்மையிலேயே கப்பலேறி வந்த ஒரு கதை வடிவம் புது மண்ணில் என்ன வேலை செய்தது என்பதை இந்த வேலி எனக்கு நன்றாகக் காட்டுகிறது. குடியேறிகள் நேராகப் பேசக் கூசிய ஒன்று கனவு வழியாகப் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லறை இப்போது மாகாண அரசின் பாதுகாப்பிலுள்ள பாரம்பரியச் சின்னம்.

விழாவுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது வேறொன்று. கிம்லித் துறைமுகத்துக்கு அருகே நிற்கும் வைக்கிங் சிலை. கனடா நூற்றாண்டு கொண்டாடிய 1967இல் எழுப்பப்பட்டது, சுமார் 4.6 மீட்டர் உயரம். திறந்து வைத்தவர் அன்றைய ஐஸ்லாந்து ஜனாதிபதி ஆஸ்கெய்ர் ஆஸ்கெய்ர்சன். விழா நாட்களில் அருகே வைக்கிங் கிராமம் என்று கூடாரங்கள் முளைக்கும். ஆர்வலர்கள் சங்கிலிக் கவசம் அணிந்து வாள்சண்டை காட்டுவார்கள், கொல்லர் பட்டறை நடக்கும், நூல் நூற்பார்கள். குழந்தைகளுக்குக் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசம். அந்தக் கொம்பு எந்த வைக்கிங் தலையிலும் இருந்ததற்குச் சான்று இல்லை. அது பரவியது 1876இல் பைராய்ட்டில் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது, உடை வடிவமைப்பாளர் டோப்லரின் கைவண்ணத்தால். அந்த ஆகஸ்டில்தான் 1,200 பேர் கிம்லியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியவர்கள் ஆடு மேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள், கம்பளி பின்னியவர்கள், மாலையில் விளக்கொளியில் புத்தகம் வாசித்தவர்கள். வைக்கிங் காலம் முடிந்து எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு ஏன் வைக்கிங்? சாக்கடைக் குழி வெட்டிய காலத்தை மீண்டும் நினைத்துக்கொண்டால் பதில் கிடைக்கும். 1874இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ராஸ்மஸ் ஆண்டர்சன், அமெரிக்காவைக் கண்டது கொலம்பஸ் அல்ல என்று ஒரு நூல் எழுதினார். கொலம்பஸுக்கு ஐந்நூறு ஆண்டு முன்பே லெய்ஃப் எரிக்சன் வந்துவிட்டார் என்ற வாதம் ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் அனைவருக்கும் ஒரு கேடயமானது. நேற்று வந்த ஏழைகள் என்று ஏளனம் செய்தவர்களிடம், உங்களுக்கெல்லாம் முன்பே வந்தவர்கள் நாங்கள் என்று சொல்ல முடிந்தது. 1960இல் நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் இங்ஸ்டாட் தம்பதியர் நார்ஸ் குடியிருப்பைக் கண்டுபிடித்ததும் கதைக்கு மண்ணின் சாட்சியும் கிடைத்தது. ஏழு ஆண்டு கழித்துக் கிம்லியில் சிலை.

ஏளனத்துக்கு எதிராக எழுந்த தற்காப்பு என்ற அளவில் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ‘நாங்களே முதலில் வந்தோம்’ என்ற வாக்கியத்தை சாண்டி பார் மக்களின் நிலத்தில் நின்று சொல்வதில் ஒரு கூச்சம் இருந்திருக்க வேண்டும். அது நெடுங்காலம் இல்லை. லாரி பெர்ட்ராம் 2020இல் வெளியிட்ட நூலில் வைக்கிங் பிம்பம் எப்படி இனப் படிநிலையில் மேலேறும் ஏணியாகப் பயன்பட்டது என்பதைக் காட்டுகிறார். அந்த நூலின் இன்னொரு பகுதி ஒரு பலகாரத்தைப் பற்றியது. வைக்கிங்கைவிட அதில்தான் எனக்கு ஈடுபாடு.

பலகாரத்தின் பெயர் வினர்டெர்டா. வியன்னா கேக் என்பதன் ஐஸ்லாந்திய வடிவம். வியன்னாவில் பெயர் பெற்று, டென்மார்க் வழியாக ஐஸ்லாந்துக்குப் போன மேல்தட்டுப் பண்டம். மாவு, சர்க்கரை, விலை உயர்ந்த ஏலக்காய் என எல்லாமே இறக்குமதியான நாட்டில் அது செல்வத்தின் அடையாளம். செய்முறை பொறுமையைச் சோதிக்கும். வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவை மெல்லிய தட்டுகளாகத் தேய்த்து ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். சுட்டவுடன் அவை பிஸ்கட் போல விறைப்பாக இருக்கும். உலர்ந்த பிளம் பழத்தை வேகவைத்து, கொட்டை நீக்கி, அரைத்து, சர்க்கரையும் ஏலப்பொடியும் வெனிலாவும் சேர்த்துக் கெட்டியாகக் கிண்ட வேண்டும். தட்டு, விழுது, தட்டு, விழுது என்று ஏழு அடுக்கு. உடனே வெட்டக் கூடாது. சுற்றி மூடி ஓரிரு நாள் வைத்தால் விழுதின் ஈரம் தட்டுகளுக்குள் இறங்கி, கத்தி வழுக்கிக்கொண்டு போகும் பதம் வரும். ஓரத்தைச் சீவிவிட்டுச் சிறு சதுரமாக வெட்டினால் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரிசையாகத் தெரியும். சீவிய ஓரம் சமையலறையில் நிற்பவருக்கு.

1870க்குப் பின் வெளியேறியவர்கள் அந்தக் காலத்து நாகரிகப் பண்டமாக இதைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஐஸ்லாந்தில் பிறகு ருசி மாறியது. ருபார்ப் ஜாம், சாக்லேட் மாவு, வெண்ணெய்க் கிரீம் என்று வேறு வகைகள் முன்னுக்கு வந்தன. பிளம் விழுது அடைத்த ஏழடுக்கு, கிம்லிப் பக்கத்தில்தான் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இழவுக்கும் தவறாமல் வரும் பண்டமாயிற்று. இங்கே விருந்தாக வைக்கப்படும் ‘பாரம்பரிய உணவை’ ஐஸ்லாந்திலிருந்து வரும் இளைஞர் பாட்டி வீட்டில் எப்போதோ கேள்விப்பட்டதாகச் சொல்வது சகஜம். மேலே சர்க்கரைப் பூச்சு வேண்டுமா கூடாதா என்பது குடும்பங்களைப் பிரிக்கும் பிரச்சினை. நம் பக்கத்தில் சாம்பாரில் வெல்லம் போடுவதைப் பற்றிய சண்டைக்கு இது சற்றும் குறைந்ததல்ல. இந்தச் சண்டையை ஆராய்ச்சியாளர் அலட்சியம் செய்யக் கூடாது. லெய்ஃப் எரிக்சனைப் பற்றி யாரும் வீட்டில் சண்டை போடுவதில்லை. சண்டை போடுமளவுக்கு உயிரோடிருப்பது எது என்று பார்த்தால் பாரம்பரியம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மொழி அவ்வளவு காலம் தாங்கவில்லை. 1886இல் தொடங்கிய ‘ஹெய்ம்ஸ்கிரிங்லா’, 1888இல் தொடங்கிய ‘லோக்பெர்க்’ ஆகிய இரு வார இதழ்களும் அரசியலிலும் மதத்திலும் எதிரெதிர்த் துருவங்கள். 1959இல் வேறு வழியின்றி இணைந்தன. இணைந்த இதழ் இன்றும் வருகிறது, ஆங்கிலத்தில். விழா எந்த நாளில் நடக்க வேண்டும் என்பதுகூட அந்தக் காலத்தில் பெரும் சண்டை. ஒரு சாராருக்கு ஆகஸ்ட் 2, அதாவது 1874இல் டென்மார்க் அரசர் தந்த அரசியல் சட்டத்தின் நினைவு. அன்றே மில்வாக்கியில் குடியேறிகள் ஒரு கூட்டமும் நடத்தியிருந்தார்கள். மறுசாராருக்கு ஜூன் 17, விடுதலைத் தலைவர் யோன் சிகுர்ட்சனின் பிறந்தநாள். ஐஸ்லாந்து 1944இல் ஜூன் 17ஐத் தேசிய நாளாக்கிக்கொண்டது. கிம்லி இன்றும் ஆகஸ்டில் நிற்கிறது. ஓர் அரசரின் சலுகையைக் குடியரசு மறந்துவிட்டது, புலம்பெயர்ந்தவர்கள் மறக்கவில்லை. மானிட்டோபாவில் கோடை வெயிலுக்கும் விடுமுறைக்கும் ஆகஸ்ட் தோதானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மொழியியலாளர் பிர்னா ஆர்ன்பியோர்ன்ஸ்டோட்டிர் இந்தப் பகுதிப் பேச்சை ஆராய்ந்து 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். சில உயிரொலிகளை ஒன்றாகக் குழைத்துப் பேசும் ஒரு பழக்கம் 19ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் பரவிக்கொண்டிருந்தது. அங்கே அதை நாட்டுப்புறத்தான் பேச்சு என்று இழித்துரைத்து, 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் வழியே விரட்டினார்கள். ஏரிக்கரையில் வாத்தியார் பிரம்பு எட்டவில்லை. இங்கே அது தடையின்றி வளர்ந்தது. ஐஸ்லாந்து தன் வாயிலிருந்து துடைத்தெறிந்த ஓர் ஒலி, மீன்வலை உலர்த்திய கிழவர்களின் வாயில் இங்கே கடைசிவரை இருந்தது. விழா மேடைக்கு அந்தப் பேச்சு வந்ததில்லை. மேடைக்கு எப்போதும் நல்ல ஐஸ்லாந்தியம்தான், பிறகு ஆங்கிலம்.

1897இல் இந்த ஒதுக்கீடு பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. உக்ரேனியர், போலந்துக்காரர், ஜெர்மானியர் வந்தார்கள். கலப்புத் திருமணங்கள் நடந்தன. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கனடியர்கள் ஐஸ்லாந்திய வம்சம் என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூடவே வேறு வம்சங்களையும் எழுதியவர்கள். விழாவில் நீர்மேல் நீட்டிய கம்பத்தில் இருவர் கால் பரப்பி உட்கார்ந்து தலையணையால் அடித்து ஒருவரையொருவர் ஏரியில் தள்ளும் போட்டி உண்டு. அதில் விழுகிறவரின் வம்சத்தை யாரும் கேட்பதில்லை. இன்னொரு பக்கம், 1999 முதல் நடக்கும் ஸ்னோரி திட்டத்தில் இங்குள்ள இளைஞர்கள் ஐஸ்லாந்துக்குப் போய் உறவினர் வீடுகளில் தங்கி வருகிறார்கள். ஐஸ்லாந்தின் ஹோப்சோஸ் கடலோரத்தில் புலம்பெயர்ந்தோருக்கென ஓர் அருங்காட்சியகம் 1996 முதல் இருக்கிறது. விட்டுப்போனவர்களைத் தாய்நாடு கணக்கில் சேர்த்துக்கொள்ள நூறாண்டு ஆயிற்று.

கிம்லியின் பாரம்பரியத்தைப் பற்றி எழுதுவோர் பலர் விட்டுவிடும் ஒரு படைப்பு 1988இல் வந்தது. ஐஸ்லாந்திய வம்சத்துத் தாயின் மகனான வின்னிபெக் இயக்குநர் கய் மாடின் எடுத்த ‘கிம்லி மருத்துவமனைக் கதைகள்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். நோயாளியின் படுக்கையருகே ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளுக்குப் பெரியம்மைக் காலத்துக் கதை சொல்கிறாள். கதை போகப் போக அபத்தமும் பொறாமையும் மீன் வாடையுமாகிறது. ஐஸ்லாந்தியர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அத்தனையையும் படம் கேலி செய்கிறது, மிகுந்த பிரியத்தோடு. அதில் டஃபரின் பிரபு வருகிறார். ஜான் ராம்சேயும் வருகிறார்.